பள்ளம் போகும் வழி: சங்கனூரிலிருந்து கொடுமுடி வரை ஐந்து நாள்

வெள்ளி இரவு, கிளம்புமுன்

கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் குழி அல்ல, ஓடை. சங்கனூர்ப் பள்ளம், பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் எல்லாம் மழைக்கு மட்டும் பெருகி, நொய்யலிலோ காவிரியிலோ போய்ச் சேர்பவை. ஊர் பெருத்தபோது இரு கரையிலும் சுவர் எழுந்தது. அப்புறம் மேலே ஸ்லாப் போட்டார்கள். ஸ்லாப்பின் மேல் சாலை வந்தது, கடை வந்தது. இப்போது அதன் பெயர் மழைநீர் வடிகால். பெயர் மாறினாலும் தண்ணீர் பழைய கணக்கில்தான் வருகிறது.

நாளை முதல் ஐந்து நாள், ஐந்து பேர், கோவையில் தொடங்கி திருப்பூர், கீழ்பவானி வாய்க்கால், ஈரோடு வழியாகக் கொடுமுடி வரை இந்தப் பள்ளங்களைப் பின்தொடரும் பயணம். தேடப்போவது ஒன்றே: பள்ளம் கீழே போகப்போக அகல வேண்டும், எந்த இடத்தில் குறுகுகிறது? வெள்ளம் தெருவுக்கு ஏறுவது அங்கேதான்.

மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், கோடை மழை இன்னும் தொடங்கியிருக்காது. சித்திரை, வைகாசியில் போனால் பிற்பகல் இடிமழை முன்னறிவிப்பின்றி வரும். எந்த மாதமானாலும் பதினொரு மணிக்குள் கீழே இறங்கும் வேலையை முடித்துவிடுவது நல்லது.

எதில் இறங்கலாம், எதில் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பாதாள சாக்கடையில் இறங்கவே கூடாது. மேன்ஹோல் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதும் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் கழிவுநீர்க் குழாயிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வேறு வழியில்லாமல் இறங்கி மாண்டவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள். வேடிக்கைக்காக அங்கே இறங்குவது அவர்களை அவமதிப்பது.

மழைநீர் வடிகாலிலும் எல்லா இடத்துக்கும் அனுமதி இல்லை. எங்கள் விதி: ஒரு முனையில் நின்றால் மறுமுனை வெளிச்சம் தெரிய வேண்டும், நீளம் 20 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, நிமிர்ந்து நிற்கும் உயரம் வேண்டும், தண்ணீர் கணுக்காலைத் தாண்டக் கூடாது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் மேலே நின்றே அளக்க வேண்டும். நகராட்சி எல்லைக்குள் என்றால் வார்டு பொறியாளரிடமும், வாய்க்கால் கரை என்றால் நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்திலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

நகரத்து வடிகால் எதிலும் வீட்டுக் கழிவுநீர் கலந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர் ஒன்று இல்லாமல் கிளம்புவதில்லை. ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும், 19.5-க்குக் கீழே போனால் வெளியேற வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), கார்பன் மோனாக்சைடு 35 பிபிஎம், எரிவாயு அதன் வெடிக்கத் தொடங்கும் எல்லையில் 10 சதவீதம், இந்த அளவுகளில் மீட்டர் கத்தும்படி வைத்திருக்கிறோம். மீத்தேன் இலேசானது, கூரையை ஒட்டி நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், சேற்றை ஒட்டிக் கிடக்கும். ஆகவே மீட்டரைக் கயிற்றில் கட்டி, வடிகாலின் வாயில் நின்றபடியே அடி, நடு, மேல் என மூன்று உயரத்திலும் இரண்டிரண்டு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே நடக்கும்போது இடுப்பில் மாட்டி, மீட்டரை அணைக்காமலே போக வேண்டும். சேற்றைக் காலால் கிளறும்போதுதான் உள்ளே அடைபட்ட வாயு குமிழியாக வெளிவரும். அழுகிய முட்டை நாற்றத்தை மட்டும் நம்பக் கூடாது. 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நிம்மதி அடையும் நிமிடம்தான் ஆளைச் சாய்க்கும் நிமிடம். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவர் விழ, காப்பாற்றப் போன இரண்டாமவரும் மூன்றாமவரும் அடுத்தடுத்து மாள்வதுதான் இத்தகைய சாவுகளின் வழக்கம். 108, 101 இரண்டுக்கும் சொல்லிவிட்டு, கட்டியிருக்கும் கயிற்றால் மேலிருந்து இழுங்கள்.

மற்ற சாமான்கள்: தாடைப் பட்டையுள்ள ஹெல்மெட், தலை டார்ச், கையில் இன்னொரு டார்ச், முழங்கால் வரை கம் பூட்ஸ், தடித்த ரப்பர் கையுறை, விசில், 20 மீட்டர் கயிறு, 30 மீட்டர் டேப், 10 மீட்டர் டியூப் லெவல் (தண்ணீர் ஊற்றி இரு இடங்களின் மட்டத்தை ஒப்பிடும் குழாய்), பென்சில், சோப்பு, தலைக்கு மூன்று லிட்டர் குடிநீர். ஆறடி மூங்கில் கம்பு ஒன்றில் அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பெயின்ட்டால் போட்டு வைத்திருக்கிறோம். மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கம்புதான் அதிகம் உழைக்கும்.

முதல் நாள், சனி: சங்கனூர்ப் பள்ளம்

கோவையின் வடமேற்கிலிருந்து வரும் மழைநீரை நகரத்தின் குறுக்காகக் கொண்டுபோய் சிங்காநல்லூர்ப் பக்கம் நொய்யலில் சேர்ப்பது சங்கனூர்ப் பள்ளம். வழியில் மேட்டுப்பாளையம் சாலை, சத்தி சாலை, அவிநாசி சாலை, திருச்சி சாலை நான்கையும் கடக்கிறது.

பள்ளத்தைக் கண்டுபிடிக்க வரைபடம் வேண்டியதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது சாலை மெதுவாக இறங்கி ஏறும் இடத்தைக் கவனித்தால் போதும். அந்த அடிப்புள்ளியில் கறுப்பு வெள்ளை அடித்த கைப்பிடிச் சுவர் இரு பக்கமும் நிற்கும். சுவருக்கு மேல் கடைப் பலகை வைத்து மறைத்திருந்தாலும், வண்டி அந்த இடத்தில் குலுங்கும்.

ஆறு மீட்டர் நீளம் வரை சிறுபாலம், அதற்கு மேல் பாலம் என்பது சாலைக் கணக்கு. சிறுபாலத்தில் மூன்று வகை அடிக்கடி கண்ணில் படும். பழைய கருங்கல் சுவரின் மேல் ஸ்லாப் போட்டது, ஹியூம் பைப் என்னும் கான்கிரீட் குழாய் புதைத்தது, நான்கு பக்கமும் கான்கிரீட்டான பாக்ஸ். கண், அதாவது நீர் போகும் திறப்பு, எத்தனை என்று முதலில் எண்ண வேண்டும். ஒவ்வொரு கண்ணிலும் அகலம், சேற்றின் மேல்மட்டத்திலிருந்து கூரை வரை உயரம், கம்பை அழுத்தி இறக்கினால் அடித்தளம் தட்டும் ஆழம், இந்த மூன்று அளவும் வேண்டும். மூன்று கண் பாலத்தில் ஓரக் கண்கள் இரண்டும் வண்டலில் புதைந்து, நடுக் கண் மட்டும் வேலை செய்வது மிகச் சாதாரணம். காரணம், மழையில்லாத நாளில் வரும் சிறு நீர் நடுவில் மட்டும் ஓடி அதை அலசிக்கொள்கிறது. ஓரத்தில் தேங்கும் மண்ணில் கோரை முளைக்கிறது. கோரை வேர் அடுத்த வண்டலைப் பிடிக்கிறது.

போன வெள்ளத்தின் உயரத்தைப் பள்ளமே எழுதி வைத்திருக்கும். கருவேல முள்ளிலும் கம்பி வேலியிலும் நெகிழிப் பையும் துணியும் சிக்கியிருக்கும் மட்டத்தை அளந்தால் போதும். பாலத்துக்கு மேல்பக்கம் அந்த மட்டம் உயர்ந்தும், கீழ்பக்கம் தாழ்ந்தும் இருந்தால், பாலத்தின் வாய் போதவில்லை என்று பொருள். இன்று ஒரு சிறுபாலத்தில் இந்த வித்தியாசம் 70 சென்டிமீட்டர். குனிந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. குடிநீர்க் குழாய் ஒன்று பாலத்தின் வாய்க்கு நேர் குறுக்காக, பாதி உயரத்தில் போகிறது. அதில் தென்னை மட்டை மாட்ட, மட்டையில் பை மாட்ட, பையில் சேறு ஏற, அது தானாக ஒரு தடுப்பணை ஆகிவிட்டது. குழாயைப் பாலத்தின் கூரைக்கு மேல் தூக்கிக் கொண்டுபோவது ஒரு நாள் வேலை.

போதுமா, போதாதா என்பதற்கு ஒரு கணக்கு. நீர் வந்து சேரும் பரப்பை ஹெக்டேரில் எடுத்துக்கொள்ளுங்கள், மழையை மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கி, பத்தால் பெருக்கி, வழிந்தோடும் பங்கால் பெருக்கினால் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். வீடும் தாருமான பகுதிக்கு அந்தப் பங்கு 0.8 வரை போகும். உழுத காட்டில் அதில் பாதிகூட இராது. 60 ஹெக்டேர், 40 மில்லிமீட்டர் என்றால் 19,200 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 5,300 லிட்டருக்கு மேல். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியை இரண்டே கால் விநாடிக்கு ஒன்றாகக் கவிழ்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் இது மூன்று மீட்டர் அகல பாக்ஸில் 90 சென்டிமீட்டர் உயரம் ஓடும். அதே பாக்ஸ் கீழே இரண்டு மீட்டராகக் குறுகினால் 1.3 மீட்டர் ஏறும். ஒன்றரை மீட்டர் உயரப் பெட்டியில் 50 சென்டிமீட்டர் வண்டல் கிடந்தால் மீதியைத் தெருதான் தாங்க வேண்டும்.

இறங்கும் எவரும் மனதில் வைக்க வேண்டிய எண் இன்னொன்று. ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்கினால் 0.8 தாண்டும்போது திடகாத்திரமான ஆளாலும் நிற்க முடியாது. மேலே சொன்ன வெள்ளத்தில் அது 1.8.

காவல் நிற்கும் முறைக்கும் இதுவே அடிப்படை. ஒருவர் மேல்பக்கம் 200 மீட்டர் தள்ளிக் கரையில் நிற்பார், ஒருவர் கீழ்வாயில். வெள்ளத்தின் முன்னலை விநாடிக்கு இரண்டு மீட்டரில் வந்தால் பாலத்தை எட்ட 100 விநாடி. உள்ளே இருப்பவர் சேற்றில் விநாடிக்கு அரை மீட்டர்தான் நடப்பார். 20 மீட்டர் பாலத்தின் நடுவிலிருந்து வெளியே வர 20 விநாடி, கரை ஏற இன்னொரு 20. மூன்று நீள விசில் கேட்டால் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஏற வேண்டும். நமக்கு மேலே வானம் தெளிவாக இருப்பதால் பயனில்லை, பள்ளத்துக்கு நீர் வரும் மேல்பக்கமான குருடி மலைப் பக்கம் கறுத்திருந்தால் அன்றைக்கு இறங்குவதில்லை.

நீரோட்ட வேகம் அளக்க ஆரஞ்சுத் தோல் போதும். பத்து மீட்டர் தூரம் குறித்து, தோலைப் போட்டு விநாடி எண்ண வேண்டும். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வரும். மூன்று முறை போட்டுப் பார்க்கவும். தோல் ஓரத்தில் மாட்டிக்கொண்டால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் நாள், ஞாயிறு: சுரங்கப்பாலங்களும் குளங்களும்

இன்று கீழே இறங்கும் வேலை குறைவு. ஞாயிறு காலை ஆறரைக்குப் போக்குவரத்து இராது என்பதால், கனமழையில் தண்ணீர் தேங்கிச் செய்தியில் வரும் லங்கா கார்னர், கிக்கானி பள்ளி, அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அடிப்பகுதி மூன்றையும் பார்த்தோம். ரயில் பாதைக்கு அடியில் சாலையைத் தோண்டி இறக்கிய இடங்கள் இவை. கிண்ணத்தின் அடி போல. தண்ணீர் தானாக வெளியேற வழியில்லாததால் தொட்டியில் சேர்த்து மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் தெரு கிண்ணத்துக்குள் வடிகிறது என்றால், 40 மில்லிமீட்டர் மழைக்கு, அதே 0.8 பங்கில், மணிக்கு 320 கன மீட்டர். ஆறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் 10 குதிரைத்திறன் மோட்டார், 60 சதவீதத் திறனில், சுமார் 270 கன மீட்டர்தான் இறைக்கும். மழையோடு கரண்டும் போகுமாகையால் டீசல் மோட்டார் ஒன்று துணைக்கு நிற்க வேண்டும். உறிஞ்சும் முனையில் வலைக்கூடை இல்லாவிட்டால் முதல் கால் மணி நேரத்திலேயே பை அடைத்துவிடும்.

மோட்டாரைப் பெரிதாக்குவதைவிட மலிவான வழி, பக்கத்துத் தெருக்களின் நீர் கிண்ணத்துக்குள் விழாமல் தடுப்பது. இறக்கம் தொடங்கும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே கம்பி மூடியுள்ள வடிகால் ஒன்று போட்டால் பாதிச் சுமை குறையும். அந்த மூடிக் கம்பிகள் சாலையின் நீளவாட்டில் இருந்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே போகும், குறுக்குவாட்டில் இருக்க வேண்டும்.

அங்கிருந்து குளங்கள். கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று ஊர் சொல்லும் குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் சங்கிலி இது. நொய்யலின் அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால் பிரித்துக் குளங்களை நிரப்பிய முன்னோர்கள், குளத்தின் மிகைநீர் வழியும் கலிங்கின் உயரத்தை அடுத்த குளத்தின் மட்டத்தைப் பார்த்தே வைத்தார்கள். இன்றைய வடிகால்கள் பல குளத்தில் வந்து விழும் இடத்தில் அந்த மட்டத்தைக் கவனிக்கவில்லை. வடிகாலின் அடித்தளம் குளத்தின் நிறைமட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே இருந்து, சரிவு 500-க்கு 1 என்றால், குளம் நிரம்பிய நாளில் 300 மீட்டர் தூரத்துக்கு வடிகாலுக்குள் குளத்து நீர் நிற்கும். அந்த 300 மீட்டரில் வேகம் செத்து வண்டல் படியும். ஆண்டுதோறும் தூர் வாரியும் அதே இடத்தில் அடைப்பு வருகிறது என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். டியூப் லெவலில் கலிங்கு மட்டத்தையும் வடிகால் வாயையும் ஒப்பிட அரை மணி நேரம் போதும். குழாயில் காற்றுக் குமிழி ஒன்று நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். தண்ணீரை ஒரு முனையிலிருந்து மெதுவாக ஊற்றி, குழாயைத் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

மூன்றாம் நாள், திங்கள்: திருப்பூர்

திருப்பூரில் பள்ளத்தில் இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. காரணம் மீட்டரில் இருக்கிறது. நான்கு வாயு மீட்டருக்குக் குளோரின் தெரியாது. பிளீச்சிங் செய்யும் இடங்கள் உள்ள ஊரில் ஹைப்போகுளோரைட் கழிவும் அமிலக் கழிவும் ஒரே வடிகாலில் சந்தித்தால் குளோரின் எழும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்துக்குள்ளேயே தங்கும். மீட்டர் அமைதியாக இருக்கும்போதே மூச்சு எரியும். பிளீச்சிங் பவுடர் வாடை லேசாக வந்தாலும் காற்று வரும் திசைக்கு ஏறிவிடுங்கள்.

கரையில் நின்று பார்க்க வேண்டியவை நிறைய. நீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டரை வாளியில் மொண்ட நீரில் முக்கினால் வந்தது மழைநீரா, வீட்டுச் சாக்கடையா, சாயநீரா என்று தோராயமாகப் பிரிக்கலாம். மழைநீர் ஓட்டம் நூறு, இருநூறைத் தாண்டுவது அரிது. வீட்டுக் கழிவு ஆயிரத்தை ஒட்டி நிற்கும். சாயக் கழிவில் உப்பு அதிகம் என்பதால் பல ஆயிரம் காட்டும். நிறத்தை நம்ப முடியாது, நிறம் நீக்கிய சாயநீரிலும் உப்பு அப்படியே இருக்கும்.

அந்த உப்பு என்ன செய்தது என்பதை இந்த மாவட்டம் அறியும். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர்த் தேக்கமாகி, கீழே இருந்த கிணறுகளையும் காடுகளையும் கெடுத்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் துளியும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகே அவை மீண்டும் ஓடின. அதே ஆண்டு நவம்பரில் பெருமழை வந்து, ஜம்மனை ஓடைக் கரையின் வீடுகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போனது. ஒரே ஆண்டில் ஒரே ஊர், தண்ணீரால் இரண்டு விதமாக அடி வாங்கியது. ஓடைக் கரையில் நடக்கும்போது வீட்டு வாசற்படிகள் ஓடையின் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். படி உயரத்தை வெள்ள அடையாளத்தோடு ஒப்பிட்டு எழுதிவைத்தால், அடுத்த மழைக்கு யாரை முதலில் எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் கிடைக்கும்.

இந்த ஊருக்கே உரிய அடைப்பு ஒன்றும் உண்டு. பனியன் கட்டிங் வேஸ்ட். நெகிழிப் பை நீரோட்டத்தில் ஒரு கட்டத்தில் கிழிந்து போய்விடும். பின்னல் துணித் துண்டு கிழியாது. கம்பியில் சுற்றி, முறுக்கேறி, சேற்றைப் பிடித்துக் கயிறாகிவிடும். மண்வெட்டியால் வாராமல் கொக்கிக் கம்பியால் இழுத்து, அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டும். ஆற்றின் மேல்பக்கமிருந்து தொடங்கினால் அறுந்த துண்டு அடுத்த பாலத்தில் மாட்டும். கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி வர வேண்டும்.

நான்காம் நாள், செவ்வாய்: வாய்க்காலுக்கு அடியில்

பயணத்தின் மிக அழகான நாள் இது. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. அணை வேலை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. நிலத்தின் சம உயரத்தை ஒட்டி, மேட்டைச் சுற்றிச் சுற்றிப் போகும் மண் வாய்க்கால் இது. அப்படிப் போகும் வாய்க்காலை மேட்டிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பள்ளமும் குறுக்கே சந்தித்தாக வேண்டும். வாய்க்கால் உயரத்திலும் பள்ளம் தாழ்விலும் இருந்தால், பள்ளத்துக்கு வாய்க்காலின் அடியில் வழி விட்டிருப்பார்கள். பள்ளம் உயரத்தில் இருந்தால் தொட்டி போன்ற பாலத்தில் வாய்க்காலின் மேலாகவே அது போய்விடும். இரண்டும் ஒரே மட்டம் என்றால் பள்ளத்து நீரை வாய்க்காலுக்குள் விட்டு, எதிர்க்கரையில் மிகைநீர் வெளியேற மதகு வைத்திருப்பார்கள். கோபியிலிருந்து பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாகக் கரையோரம் போனால் முதல் வகை பலவற்றைப் பார்க்கலாம்.

தலைக்கு மேல் வாய்க்கால் நிறைந்து ஓட, அடியில் உலர்ந்த பள்ளத்தில் நிற்பது வேறு எங்கும் கிடைக்காத அனுபவம். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும். பள்ளத்தை நம்பும் உழவரிடம் கேட்ட பிறகே இறங்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. “ஏனுங்க, இந்தப் பள்ளத்துல கடைசியா எப்பங்க தண்ணி வந்துச்சு?” அடுத்தது, “பாலத்துக்கு உள்ளாறயே போச்சுங்களா, மேல ஏறிக் கரையத் தொட்டுச்சுங்களா?” இரண்டாவது கேள்விக்கு ‘தொட்டுச்சு’ என்று பதில் வந்தால் அந்தப் பாலத்தை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் தேங்கும் பள்ளத்து நீர் வாய்க்கால் கரையின் அடிமண்ணை ஊறவைக்கும். கரை உடைப்புக்கு அது ஒரு வழி.

உள்ளே கூரையிலும் சுவரிலும் கசிவைப் படிக்க வேண்டும். மண் வாய்க்கால் கசியத்தான் செய்யும், அந்தக் கசிவுநீரை நம்பிக் கீழே கிணறுகளும் தோப்புகளும் இருக்கின்றன. கான்கிரீட் தளம் போடுவதைப் பல உழவர்கள் எதிர்த்ததும் இதனால்தான். எனவே சொட்டு விழுவதே கோளாறு ஆகாது. சொட்டின் நிறம்தான் முக்கியம். ஒரு கண்ணாடி டம்ளரில் சொட்டைப் பிடித்துக் கால் மணி நேரம் வைக்கிறோம். தெளிந்த நீராகவே இருந்தால் நல்லது. அடியில் மண் படிந்தால், நீர் கரையின் மண்ணைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது, உள்ளே ஒரு எலிவளை அளவுக்கு வழி உருவாகிறது என்று பொருள். அது பெருகத் தொடங்கினால் மணிக்கணக்கில் கரையைத் தின்றுவிடும். அன்றைக்கே பிரிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய செய்தி அது. இடத்தைச் சொல்ல மைல்கல் எண்ணையும், எந்தப் பக்கச் சுவர், அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரில் வெள்ளையாக வடிந்து கெட்டியாகத் தொங்குவது காரையிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு. கொஞ்சம் இருப்பது வயதின் அடையாளம். ஒரே இணைப்பில் கனமாக இருந்தால் அந்த இணைப்பின் உள்ளே காரை குறைந்துகொண்டிருக்கிறது. மெல்லிய ஆணியை அதில் அழுத்திப் பாருங்கள், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் எளிதாக இறங்கினால் பூச்சு தேவை. கல்லிடுக்கில் அரசும் ஆலும் முளைத்திருந்தால் விரல் பருமன் ஆவதற்குள் வேரோடு எடுக்க வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் அடுத்த பருவத்தில் இரட்டிப்பாகத் துளிர்த்துக் கல்லைத் தள்ளும்.

கீழ்வாயில் தளம் முடியும் இடத்தில் கம்பால் தட்டாமல் காலை வைக்காதீர்கள். வேகமாக வெளியேறும் நீர் அங்கே மண்ணை அரித்துக் குழி பறித்திருக்கும். மேலே இலைச்சருகு மூடி, தரை போலத் தெரியும். இன்று ஒரு பாலத்தில் கம்பு 1.2 மீட்டர் இறங்கியது. இந்தக் குழி பின்னோக்கி வளர்ந்தால் பாலத்தின் அடித்தளம் அந்தரத்தில் தொங்கும். பெரிய கல்லை அடுக்கி நிரப்புவதுதான் தீர்வு, மண்ணைக் கொட்டினால் அடுத்த வெள்ளத்திலேயே போய்விடும்.

உயிரினங்களையும் சொல்ல வேண்டும். கண்ணாடி விரியன் உலர்ந்த பள்ளத்துச் சருகில் படுத்திருக்கும், கம்பால் தரையைத் தட்டியபடி போக வேண்டும். வளைவின் உள்கூரையில் மலைத்தேனீ அடை தொங்கினால் அந்தப் பாலத்தை விட்டுவிட வேண்டும். டார்ச் வெளிச்சமும் விசிலும் போதும் அவற்றைக் கிளப்ப. வௌவால் கூட்டம் உள்ள இடத்தில் முகக்கவசம் இல்லாமல் எச்சத்தைக் கிளறக் கூடாது.

ஐந்தாம் நாள், புதன்: ஈரோடு, கொடுமுடி

ஈரோட்டின் பெரும்பள்ளம் ஓடைக்கு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரைகள் எழுந்திருக்கின்றன. கரை கட்டிய பள்ளத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: சுவரில் நீர் கசிந்து வெளியேறும் துளைகள் திறந்திருக்கின்றனவா? அடைபட்டால் மழைக்குப் பின் சுவரின் முதுகில் ஊறிய மண் தள்ளும். சுவரின் உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் எத்தனை சென்டிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கிளைத் தெருக்களின் வடிகால் சுவரைத் துளைத்துப் பள்ளத்தில் விழும் இடங்களில் துளையின் அளவும் முக்கியம். உள்ளே 600 மில்லிமீட்டர் வடிகாலும் வெளிவாயில் 300 மில்லிமீட்டர் பைப்பும் ஒரு இடத்தில் பார்த்தோம். விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசிதான்.

காவிரிக்குப் போகும் பள்ளம் எதுவானாலும் இங்கே காலிங்கராயன் வாய்க்காலைத் தாண்ட வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டியது. பவானி ஆறு காவிரியில் கலக்குமுன் அணை கட்டித் திருப்பி, 90 கிலோமீட்டர் நெளிந்து நெளிந்து கொண்டுபோய் ஆவுடையாபாறை அருகே நொய்யலில் விட்டார். நெளிவுக்குக் காரணம் கீழ்பவானிக்குச் சொன்ன அதே சம உயரக் கணக்குதான், டியூப் லெவல்கூட இல்லாத காலத்தில். பள்ளமும் வாய்க்காலும் சந்திக்கும் இடங்களில் நகரத்தின் அழுக்கு பாசன நீரில் கலக்கக் கூடாது என்று, பக்கத்திலேயே இன்னொரு சிறு வாய்க்காலை ஓடவிட்டிருக்கிறார்கள். ஊரார் பேபி வாய்க்கால் என்கிறார்கள். அந்தச் சிறு வாய்க்கால் ஓரிடத்தில் அடைத்தால் அழுக்கு கரை வழிந்து பெரிய வாய்க்காலுக்கே போகும். ஆகவே பேபி வாய்க்காலின் தூர் ஆழத்தைத்தான் இங்கே முதலில் அளக்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து கொடுமுடிக்குப் பாசஞ்சர் ரயில். ஆற்றுக்குப் போகுமுன் பூட்ஸ், கையுறை, கம்பு எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பள்ளத்து நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், காலில் சிறு கீறல் போதும். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சாக்கடை நீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் போய்விடும்.

கொடுமுடிக்கு அடுத்து ஆறு கரூர்ப் பக்கம் போகிறது. சேரரின் வஞ்சி அந்தக் கரூர்தான் என்பார் பலர். அந்த வஞ்சியின் வீடுகளில் பெண்கள் கூந்தல் கழுவிய மணநீர், சுருங்கைத் தூம்பு வழியாக அகழியில் விழுந்ததாக மணிமேகலை சொல்கிறது. மூடிய வடிகாலுக்குச் சுருங்கை என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது, புழக்கத்துக்குக் கொண்டுவரலாம்.

இன்று இரவு எல்லா அளவுகளையும் ஒரே தாளில் ஏற்றுகிறோம். இடம், கண் எண்ணிக்கை, அகலம், உயரம், வண்டல் ஆழம், வெள்ள அடையாளம், மேல்பக்கப் பாலத்தைவிடப் பெரிதா சிறிதா. கடைசிக் கட்டத்தில் ‘சிறிது’ என்று விழுந்த இடங்கள் ஏழு. ஏழையும் படத்தோடு அந்தந்த வார்டுக்கு அனுப்பிவிட்டு, ஆவணி கடைசியில் அதே கம்பை அதே ஏழு இடங்களில் மறுபடி இறக்கிப் பார்ப்போம். ஐப்பசி மழைக்கு முன் தூர் வார அப்போதும் ஒரு மாதத்துக்கு மேல் மீதமிருக்கும்.